போர் விமானம் ஓட்டினால்தான் விண்வெளிக்குப் போக முடியுமா?

கேள்வி: இயந்திரப் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். வயது 21, உயரம் 164 செ.மீ., கண்ணாடி கிடையாது. ககன்யானுக்குத் தேர்வான நால்வருமே விமானப்படை டெஸ்ட் பைலட்டுகள் என்று படித்ததிலிருந்து குழப்பமாக இருக்கிறது. விண்கலம் பெரும்பாலும் தானாகத்தானே பறக்கிறது, பிறகு எதற்குப் பைலட்? நான் விமானப்படையில் சேர முயல வேண்டுமா, இல்லை மேற்படிப்பு முடித்து நாசாவுக்கு விண்ணப்பிக்கலாமா? சொந்தச் செலவில் கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் எடுத்தால் அந்த மணிநேரம் கணக்கில் சேருமா? 'போர் விமானம் ஓட்டுவதற்கும் ராக்கெட்டில் படுத்துக்கொண்டு போவதற்கும் என்ன சம்பந்தம்?' என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.
— ஒரு வாசகி

பதில்: உங்கள் வீட்டார் கேட்டதுதான் இதில் அடிப்படையான கேள்வி. அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நாசாவும் லைசென்ஸும் பிறகு.

விமானம் ஓட்டும் கைத்திறன் விண்கலத்தில் நேரடியாக உதவுவது குறைவு. சில சமயம் இடைஞ்சலாகவும் ஆகிவிடும். 1965 ஜூனில் ஜெமினி 4 கலத்தில் போன ஜேம்ஸ் மெக்டிவிட், அமெரிக்க விமானப்படையின் தேர்ந்த டெஸ்ட் பைலட் (புதிய விமானங்களை ஓட்டிச் சோதிப்பவர்). அவரை ஏற்றி வந்த ராக்கெட்டின் மேல்நிலைப் பகுதி, எரிந்து முடிந்து பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. அதன் அருகில் போய்ப் பார்ப்பது திட்டம். வானத்தில் இன்னொரு விமானத்தை நெருங்குகிற மாதிரியே மூக்கை அதன் பக்கம் திருப்பி உந்தினார். அது விலகிப் போனது. மறுபடி உந்தினார், இன்னும் விலகியது. சுற்றுப்பாதையில் முன்னோக்கி உந்தினால் கலம் உயரமான பாதைக்கு ஏறும். உயரமான பாதையில் ஒரு சுற்று முடிக்க நேரம் கூடும். ஆகவே துரத்துபவர் பின்தங்கிவிடுவார். முன்னால் போவதைப் பிடிக்க வேண்டுமென்றால் வேகத்தைக் குறைத்துக் கீழிறங்கி, உள்வட்டத்தில் ஓடிப் பிடித்து, பிறகு மேலே ஏற வேண்டும். விமானியின் கைக்கு இது தலைகீழ்ப் பாடம். எரிபொருள் கரைந்ததுதான் மிச்சம், முயற்சி கைவிடப்பட்டது.

இந்தக் கணக்கில் கரை கண்டவர் பஸ் ஆல்ட்ரின். கொரியப் போரில் 66 முறை போர் விமானத்தில் பறந்தவர், ஆனால் டெஸ்ட் பைலட் அல்லர். 1963இல் அந்த நிபந்தனையை நாசா தளர்த்திய பிறகுதான் தேர்வானார். அதே ஆண்டு எம்.ஐ.டி.யில் அவர் வாங்கிய முனைவர் பட்டம் சுற்றுப்பாதையில் இரு கலங்கள் சந்திப்பதைப் பற்றியது. 1966 நவம்பரில் ஜெமினி 12 பயணத்தில் ரேடார் செயலிழந்தபோது, கையில் இருந்த அட்டவணைகளையும் கோணம் அளக்கும் செக்ஸ்டன்ட் கருவியையும் வைத்தே இலக்கை அடைய வழிசொன்னார். போர் விமானியாக இருந்தது அவருக்குக் கைகொடுத்திருக்கும். ஆனால் அன்று காரியம் முடிந்தது கணக்கினால்.

'போர் விமானிக்கு ஜி விசை பழகியிருக்கும்' என்பார்கள். பாதி உண்மை. போர் விமானம் கூர்மையாகத் திரும்பும்போது விசை தலையிலிருந்து காலுக்கு இழுக்கும். 9 ஜி வரை, அதாவது நம் எடையைப் போல ஒன்பது மடங்கு வரை போகும். மூளைக்கு ரத்தம் குறைந்து நினைவு தப்பாமலிருக்கக் கால், தொடை, வயிற்றுத் தசைகளை இறுக்கி, சில நொடிக்கொரு முறை வெட்டி வெட்டி மூச்சுவிடக் கற்றுத்தருவார்கள். விண்கலத்தில் மல்லாந்து படுத்திருப்பதால் விசை மார்பிலிருந்து முதுகுக்குப் போகும். ரத்தம் தலையை விட்டு இறங்காது. மார்பின் மேல் யாரோ உட்கார்ந்த மாதிரி மூச்சு இழுப்பதுதான் பாடு. ரஷ்யாவின் சோயூஸ் கலம் வழக்கமாக இறங்கும்போது 4 முதல் 5 ஜி, கோளாறாகி நேர்ப்பாய்ச்சலில் இறங்கினால் 8 ஜிக்கு மேல். ஆகவே போர் விமானியின் தசை வித்தை இங்கே அவ்வளவாகத் தேவைப்படாது. எடை அழுத்தும்போதும் திரையைப் படித்து, நிதானமாகப் பேசுகிற பழக்கம் மட்டும் உடன்வரும்.

எடையின்மையில் வரும் குமட்டலோ பைலட், பேராசிரியர் என்று பார்ப்பதில்லை. அதை முதலில் அனுபவித்தவர் 1961 ஆகஸ்டில் பறந்த கெர்மன் டிட்டோவ். அவர் சோவியத் போர் விமானி.

அப்படியானால் ஏன் பைலட்டுகளைத் தேடிப் போனார்கள்? தொடக்கத்தில் அது பெருமளவு நிர்வாகக் காரணம். ஆளை விண்வெளிக்கு அனுப்பும் தன் முதல் திட்டமான மெர்க்குரிக்குப் பொது விளம்பரம் கொடுத்து ஆள் எடுக்கலாம் என்றுதான் நாசா முதலில் நினைத்தது. இராணுவ டெஸ்ட் பைலட்டுகளிலிருந்து மட்டும் எடுங்கள் என்று குடியரசுத் தலைவர் ஐசனோவர் தீர்த்துச் சொன்னார். அவர்களின் மருத்துவக் கோப்பு, பணிப் பதிவு, ரகசியக் காப்பு அனுமதி எல்லாம் ஏற்கெனவே அலமாரியில் இருந்தன. வயது 40க்குள், உயரம் 5 அடி 11 அங்குலத்துக்குள், பொறியியல் பட்டம் அல்லது அதற்கு இணையான தகுதி, டெஸ்ட் பைலட் பள்ளிச் சான்று, 1,500 மணிநேரப் பறத்தல், ஜெட் தகுதி: இவ்வளவுதான் வடிகட்டி. 508 பேரின் கோப்புகளைப் புரட்டியதில் தேறியவர்கள் 110, கடைசியில் 1959 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டவர்கள் 7. உயர வரம்புக்குக் காரணம், கலத்தின் உள்ளே அதற்கு மேல் இடமில்லை என்பதுதான்!

சோவியத் நாடும் விமானப்படைக்குத்தான் போனது, ஆனால் டெஸ்ட் பைலட் கேட்கவில்லை. இளவயது, 175 செ.மீ.க்கு மிகாத உயரம், 72 கிலோவுக்கு மிகாத எடை, நல்ல உடல் போதும். அவர்களின் வோஸ்தோக் கலம் முழுக்கத் தானியங்கி. ககாரின் கையால் ஓட்ட வேண்டிவந்தால் பூட்டைத் திறக்க 125 என்ற எண்ணை உறையில் போட்டு வைத்திருந்தார்கள். இரண்டே ஆண்டில், 1963இல், விமானியே அல்லாத வாலன்டினா தெரஷ்கோவா பறந்தார். அவர் நூற்பாலைத் தொழிலாளி, பொழுதுபோக்காகப் பாராசூட்டில் குதித்தவர். கலம் தரையிறங்குவதற்கு முன் ஆளை வெளியே எறிந்துவிடும் வடிவமைப்பு என்பதால், விமானம் ஓட்டத் தெரிவதைவிடக் குதிக்கத் தெரிவது அங்கே முக்கியமாக இருந்தது. எந்தக் கலமோ, அதற்கேற்ற ஆள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

இனி டெஸ்ட் பைலட் விஷயம். நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி இது.

டெஸ்ட் பைலட் என்றால் துணிச்சல்காரர் என்ற படிமம் பரவலாக இருக்கிறது. அந்தத் தொழிலின் பெரும்பகுதி எழுத்து வேலை. ஒவ்வொரு பறத்தலுக்கும் முன் ஒரு சோதனை அட்டை தயாராகும்: எந்த உயரம், எந்த வேகம், எத்தனை பாகை சாய்வு, எத்தனை ஜி, எவ்வளவு பிசகினால் அந்த அளவீடு செல்லாது, எந்த எண் தாண்டினால் உடனே நிறுத்த வேண்டும் என்று. ஆபத்தில்லாத முனையிலிருந்து படிப்படியாகத்தான் எல்லையை நோக்கிப் போவார்கள். முதல் படியில் கணித்ததும் கிடைத்ததும் ஒத்துப்போகாவிட்டால் இரண்டாம் படி கிடையாது. தரையிறங்கிய பின் அறிக்கை.

அந்த அறிக்கையில் 'ஓட்டக் கொஞ்சம் கடினமாக இருந்தது' என்று எழுத முடியாது. 1969இல் வெளியான கூப்பர்–ஹார்ப்பர் அளவுகோல்தான் மொழி. 1 முதல் 10 வரை மதிப்பெண், 1 மிக நன்று, 10 மிக மோசம். மதிப்பெண்ணை மனம்போல் போடக் கூடாது, வரிசையாகக் கேள்வி கேட்டுக்கொண்டு வர வேண்டும். கட்டுப்பாடு கையில் இருந்ததா? இல்லையென்றால் 10. இருந்தது, ஆனால் தாங்கக்கூடிய உழைப்பில் வேலை தேவையான அளவு முடியவில்லையா? அப்படியானால் 7 முதல் 9க்குள். முடிந்தது, ஆனால் குறையைத் திருத்தியாக வேண்டுமா? 4 முதல் 6. திருத்தமே வேண்டாமா? 1 முதல் 3. இதில் நுட்பம் என்னவென்றால், நல்ல விமானி மோசமான விமானத்தையும் நேராக ஓட்டிவிடுவார். வெளியே பார்ப்பவருக்குக் கோளாறே தெரியாது. தம் கை எவ்வளவு ஈடுகட்டியது என்பதை அவரே பிரித்துச் சொன்னால்தான் பொறியாளருக்குப் பயன். கர்வம் இருக்கிறவருக்கு இது எளிதில் வராது.

மனிதர் முதன்முதலாக ஏறும் கலத்துக்கு இந்தத் திறமைதான் வேண்டும். இருக்கை எங்கே இடிக்கிறது, அழுத்த உடையின் கையுறையோடு எந்தப் பொத்தான் எட்டவில்லை, எச்சரிக்கை ஒலி எத்தனை நொடி தாமதம் என்பதையெல்லாம் எண்ணாகச் சொல்லும் ஆள். உங்கள் 'தானாகத்தானே பறக்கிறது' என்ற கேள்விக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. தானியங்கி சரியாக இயங்கும்வரை யார் உட்கார்ந்திருந்தாலும் ஒன்றுதான். அது நம்பத்தகுந்ததா என்பது இன்னும் தெரியாத முதல் சில பயணங்களில் அப்படி விட முடியாது.

2024 ஜூன் 6 அன்று போயிங்கின் ஸ்டார்லைனர் கலம் சர்வதேச விண்வெளி நிலையத்தை நெருங்கும்போது சிறு உந்துகுழல்களில் ஐந்து ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. உள்ளே இருந்த புட்ச் வில்மோர், சுனிதா வில்லியம்ஸ் இருவருமே அமெரிக்கக் கடற்படையின் டெஸ்ட் பைலட்டுகள். வில்மோர் கட்டுப்பாட்டைக் கையில் எடுத்துக் கலத்தை நிலையாகப் பிடித்திருந்த நேரத்தில், தரையிலிருந்தவர்கள் உந்துகுழல்களை மறுபடி உயிர்ப்பித்தார்கள். நான்கு திரும்பின, கலம் இணைந்தது. சுனிதா ஹெலிகாப்டர் விமானி என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். டெஸ்ட் பைலட் பள்ளிக்குப் போர் விமானம் மட்டுமே வாசல் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இன்னும் பழைய எடுத்துக்காட்டு ஜெமினி 8, 1966 மார்ச் 16. இன்னொரு கலத்தோடு இணைந்த சிறிது நேரத்தில் சுழலத் தொடங்கியது. இணைந்த கலத்தில்தான் கோளாறு என்று நினைத்து ஆம்ஸ்ட்ராங்கும் ஸ்காட்டும் பிரிந்தார்கள். பிரிந்ததும் சுழற்சி இன்னும் கூடி, நொடிக்குக் கிட்டத்தட்ட ஒரு சுற்று என்றானது. சொந்தக் கலத்தின் உந்துகுழல் ஒன்று திறந்தபடி சிக்கிக்கொண்டதுதான் காரணம். ஆம்ஸ்ட்ராங் அந்த அமைப்பையே முழுதாக அணைத்துவிட்டு, பூமிக்குத் திரும்பும்போது பயன்படுத்துவதற்காக ஒதுக்கிய வேறு உந்துகுழல்களால் சுழற்சியை நிறுத்தினார். அவற்றைத் தொட்டுவிட்டால் பயணத்தை அத்துடன் முடித்துத் திரும்ப வேண்டும் என்பது விதி. நிறுத்தினார், திரும்பினார். முதல் ஊகம் தவறு என்று தெரிந்தவுடன் அதைப் பிடித்துக்கொண்டு தொங்காமல் அடுத்த படிக்குப் போனதும், பயணம் பாழானாலும் விதியை மீறாததும்தான் இதில் பார்க்க வேண்டியவை.

பைலட் இருந்தால் போதும் என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். 1997 ஜூன் 25 அன்று ரஷ்யாவின் மிர் விண்வெளி நிலையத்தில், விமானப்படைப் பின்னணி கொண்ட வசிலி சிப்லியேவ் ஒரு சரக்குக் கலத்தை உள்ளிருந்தே கையால் இயக்கி இணைக்க முயன்றார். தொலைவும் வேகமும் சொல்லும் ரேடார் தரவு இல்லை. மேகப் பின்னணியில் கலம் திரையில் சரியாகத் தெரியவில்லை. நிலையத்தின் ஸ்பெக்டர் பகுதியில் மோதி, காற்று கசிந்தது. கருவி சொல்ல வேண்டியதைக் கருவி சொல்லாவிட்டால் எந்தக் கையும் தவறும்.

உங்கள் படிப்புக்கு ஒட்டிய செய்தி ஒன்று. டெஸ்ட் பைலட் பள்ளிகளில் விமானிகளோடு சோதனைப் பறத்தல் பொறியாளர்களும் அதே வகுப்பில் உட்கார்ந்து பயில்கிறார்கள். 2020 மே மாதம் ஸ்பேஸ்எக்ஸின் க்ரூ டிராகன் கலம் முதன்முதலாக ஆளேற்றிச் சென்றபோது டக் ஹர்லி டெஸ்ட் பைலட், பக்கத்தில் இருந்த பாப் பென்கன் சோதனைப் பறத்தல் பொறியாளர். 2018 அக்டோபரில் சோயூஸ் ராக்கெட் பாதி வழியில் உடைந்து, கலம் தப்பிப் பிய்த்துக்கொண்டு இறங்கியதே, அதில் இருந்த நிக் ஹேக்கும் அப்படிப்பட்ட பொறியாளர்தான். பென்கன், ஹேக் இருவரும் அப்போது அமெரிக்க விமானப்படைக்காரர்கள், இருவருமே பைலட் பிரிவினர் அல்லர்.

பைலட்டின் பங்கு காலத்துக்குக் காலம் ஏறி இறங்கியிருக்கிறது. விண்வெளி ஓடம் வந்தபோது அது உச்சத்தைத் தொட்டது, ஏனென்றால் ஓடத்தைத் தரையிறக்க ஓர் ஆள் கட்டாயம் வேண்டும். எஞ்சின் இல்லாமல், சாதாரணப் பயணிகள் விமானத்தைப் போல ஆறேழு மடங்கு செங்குத்தாகச் சரிந்து, மணிக்கு 350 கி.மீ. அளவில் ஓடுபாதையைத் தொடும். தவறினால் மறு முயற்சி இல்லை. அதனால்தான் பைலட் இருக்கைக்கு 1,000 மணிநேர ஜெட் பறத்தல் கேட்டார்கள். எய்லீன் காலின்ஸ் விமானப்படை டெஸ்ட் பைலட் பள்ளி வழியாக வந்து 1995இல் அந்த இருக்கையில் அமர்ந்த முதல் பெண்ணானார். அதே கலத்தில் விஞ்ஞானிகளுக்கும் பொறியாளர்களுக்கும் தனி இருக்கைகள் உண்டு. 1978இல் தேர்வான 35 பேரில் 15 பேர்தான் பைலட்டுகள், மீதி 20 பேர் மற்ற வேலைக்கு. கல்பனா சாவ்லா வந்தது அந்த இரண்டாவது வழியில்: விண்வெளிப் பொறியியல் முனைவர், விமானம் ஓட்டும் உரிமம் வைத்திருந்தார், இராணுவத்தில் இருந்ததில்லை.

2011இல் ஓடங்கள் ஓய்வு பெற்ற பின் அந்தக் கோடு மங்கிவிட்டது. 2025 ஜூனில் சுபான்ஷு சுக்லா பறந்த ஆக்ஸியம் 4 பயணத்தைப் பாருங்கள். பைலட் இருக்கை நம் விமானப்படைக்காரருக்கு. தளபதி இருக்கையில் பெக்கி விட்சன், அவர் உயிர்வேதியியல் ஆய்வாளர். சீனாவும் 2003இல் யாங் லிவெய் தொடங்கி நீண்ட காலம் விமானப்படைக்காரர்களையே அனுப்பிவிட்டு, 2023இல்தான் பேராசிரியர் குய் ஹாய்ச்சாவை அனுப்பியது. புதிய கலம், புதிய பாதை என்றால் பைலட் விகிதம் மறுபடி ஏறும். 2023 ஏப்ரலில் நிலவைச் சுற்றும் ஆர்டெமிஸ் 2 குழு அறிவிக்கப்பட்டபோது நால்வரில் மூவர் இராணுவ ஜெட் விமானிகள். ககன்யானின் முதல் நால்வரும் (பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர், அஜித் கிருஷ்ணன், அங்கத் பிரதாப், சுபான்ஷு சுக்லா) டெஸ்ட் பைலட்டுகளாக இருப்பதும் இதே காரணத்தால்தான்.

இப்போது உங்கள் திட்டத்துக்கு வருகிறேன்.

நாசா: அமெரிக்கக் குடியுரிமை இல்லாமல் விண்ணப்பமே போட முடியாது. முதல் வரியிலேயே அடிபடும் இந்த நிபந்தனையைப் பலர் கடைசியில்தான் படிக்கிறார்கள். குடியுரிமை இருப்பவரிடம் அது கேட்பது அறிவியல், பொறியியல், கணிதத் துறைகளில் முதுநிலைப் பட்டம், அத்துடன் மூன்றாண்டுத் துறை அனுபவம். பைலட்டாக வருபவருக்கு அந்த அனுபவத்துக்குப் பதில் விமானத் தலைமைப் பொறுப்பில் 1,000 மணிநேரம், அதில் 850 உயர்திறன் ஜெட்டில். முதுநிலைப் பட்டத்துக்குப் பதிலாக டெஸ்ட் பைலட் பள்ளிச் சான்றும் செல்லும் என்பதிலிருந்தே அந்தப் பள்ளிக்கு என்ன மதிப்பு என்று தெரியும். 2024 அழைப்புக்கு 8,000க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்து, 2025 செப்டம்பரில் 10 பேர் தேர்வானார்கள். ஐரோப்பிய விண்வெளி முகமையும் உறுப்பு நாடுகள், இணை உறுப்பு நாடுகளின் குடிமக்களை மட்டுமே எடுக்கும்.

கமர்ஷியல் லைசென்ஸ்: நம் நாட்டில் அதற்குத் தேவை 200 மணிநேரம், பெரும்பாலும் சிறிய பிஸ்டன் எஞ்சின் விமானத்தில். அது ஜெட் மணிநேரத்துக்கு ஈடாகாது. ஒரே ஒரு திட்டவட்டமான பலன் உண்டு. விமானப்படை அதிகாரிகளுக்கான ஆஃப்கேட் நுழைவுத் தேர்வு வழியில் பறத்தல் கிளைக்கு வயது வரம்பு 20 முதல் 24, செல்லுபடியாகும் கமர்ஷியல் லைசென்ஸ் வைத்திருந்தால் 26 வரை. வயது நெருக்காத நீங்கள் அதற்காகப் பெரும் பணம் செலவிடத் தேவையில்லை என்பது என் கருத்து.

விமானப்படை: ஆஃப்கேட் ஆண்டுக்கு இருமுறை. 100 கேள்வி, 300 மதிப்பெண், இரண்டு மணிநேரம், தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழியும். பறத்தல் கிளைக்கு 12ஆம் வகுப்பில் கணிதமும் இயற்பியலும் படித்திருக்க வேண்டும், பட்டத்தில் 60 விழுக்காடு வேண்டும். என்.சி.சி. விமானப் பிரிவில் 'சி' சான்றிதழ் இருந்தால் எழுத்துத் தேர்வில்லாமல் நேரே தேர்வு வாரியத்துக்குப் போக ஒரு தனி வழி உண்டு. வாரியத்தில் மனநலச் சோதனை, குழுப் பணி, நேர்காணல் முடிந்த பின் பறத்தல் கிளைக்கு மட்டும் கணினிவழி விமானித் தேர்வு நடக்கும். அதை வாழ்நாளில் ஒருமுறைதான் எழுதலாம். தவறினால் பறத்தல் கிளைக்கு மறுவாய்ப்பே கிடையாது. 'சும்மா ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரலாம்' என்று தயாராகாமல் போகிறவர்கள் வாசலை நிரந்தரமாகச் சாத்திக்கொள்வது இங்கேதான். தூக்கம் கெட்டு, காய்ச்சலோடு போவதும் அதே தவறு.

தேர்வாகிவிட்டால் உடனே போர் விமானம் கிடைக்குமா? கிடைக்காது. அடிப்படைப் பயிற்சி முடிவில் போர் விமானம், சரக்கு விமானம், ஹெலிகாப்டர் என்று பிரிப்பார்கள். மதிப்பெண், தேவை இரண்டும் பார்த்துத்தான் ஒதுக்கீடு. பெண்களுக்குப் போர் விமானப் பிரிவு 2016இலிருந்து திறந்திருக்கிறது. அதன் பிறகு படைப்பிரிவில் பல ஆண்டுப் பறத்தல், பிறகு பெங்களூருவில் உள்ள விமானப்படை டெஸ்ட் பைலட் பள்ளியில் ஏறத்தாழ ஓராண்டு. எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதற்குச் சுக்லாவே கணக்கு: பணியில் சேர்ந்தது 2006 ஜூன், விண்வெளிப் பயிற்சிக்குத் தேர்வானது 2019, பறந்தது 2025. பத்தொன்பது ஆண்டு. ஆஃப்கேட் வழியில் பறத்தல் கிளைக்குக் கிடைப்பது 14 ஆண்டுக் குறுகிய காலப் பணி என்பதை இதோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிரந்தரப் பணி விதிகள் அவ்வப்போது மாறுவதால், நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிக்கையை வரிக்கு வரி படியுங்கள்.

இவ்வளவும் தாண்டினாலும் இருக்கை உறுதியில்லை. 1984இல் ராகேஷ் சர்மாவோடு அதே பயிற்சியை முழுதாக முடித்த ரவீஷ் மல்ஹோத்ரா மாற்று வீரர். கடைசிவரை அவர் விண்வெளிக்குப் போகவில்லை. சுக்லாவுக்கு மாற்றாகத் தயாராக நின்றவர் பிரசாந்த் நாயர். ஆகவே படைப்பிரிவில் பறப்பதும் சோதனைப் பறத்தலுமே வாழ்நாள் வேலையாக அமைந்துவிட்டாலும் உங்களுக்கு நிறைவு தருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 'இல்லை, விண்வெளி மட்டும்தான்' என்று பதில் வந்தால் இந்த வழி உங்களைச் சோர்வடைய வைத்துவிடும்.

உடல் பற்றி. போர் விமானம் உங்களை விண்வெளிக்குத் தயார் செய்கிற அதே வேளையில் உடலைத் தேய்க்கவும் செய்யும். உயர் ஜியில் தலையைத் திருப்புவதால் கழுத்து, ஹெலிகாப்டர் அதிர்வால் இடுப்பு, இரைச்சலால் காது கேட்கும் திறன். ஆபத்தில் இருக்கையோடு வெளியே எறியப்பட்டால் முதுகெலும்பு நசுங்கலாம். கழுத்துத் தசைப் பயிற்சியை வலி வந்தபின் தொடங்குகிறவர்களே அதிகம், முதல் ஆண்டிலேயே தொடங்க வேண்டும். வயிற்று ஸ்கேனில் வலியே தராத சிறுநீரகக் கல் தென்பட்டு ஆட்டம் முடிவதும் உண்டு. எடையின்மையில் எலும்பிலிருந்து கால்சியம் கரைவதால் கல் பெரிதாகும் என்ற அச்சம் காரணம். மெர்க்குரி எழுவரில் ஒருவரான டீக் ஸ்லேட்டன், இதயத் துடிப்பு ஒழுங்கின்மையால் 1962இல் நிறுத்தப்பட்டு, 1975இல்தான் பறந்தார். ஆலன் ஷெப்பர்ட் உள்காது நோயால் ஆண்டுக்கணக்கில் தரையில் இருந்து, அறுவைச் சிகிச்சைக்குப் பின் 1971இல் நிலவுக்கே போனார். இருவருக்கும் திரும்ப வாய்ப்புக் கிடைத்தது. ஆனால் சிறு தலைசுற்றலை மறைத்துவிட்டுப் பிறகு பிடிபடுகிறவருக்கு அப்படி வாய்ப்பு வரும் என்று நம்ப முடியாது.

நீங்கள் செய்ய வேண்டியது என்ன? ஆஃப்கேட் விண்ணப்பத்தில் பறத்தல் கிளையோடு தொழில்நுட்பக் கிளையையும் குறியுங்கள். இயந்திரப் பொறியியலுக்கு அது திறந்திருக்கிறது, வயது வரம்பும் 26 வரை.  அங்கிருந்து சோதனைப் பறத்தல் பொறியாளர் பயிற்சிக்குப் போக வழியுண்டு. ககன்யானின் முதல் நால்வரில் அப்படிப்பட்டவர் யாரும் இல்லை என்பதையும் தெரிந்துகொண்டே குறியுங்கள். எந்தக் கிளை கிடைத்தாலும் மேற்படிப்பை விடாதீர்கள். சுக்லா பணியில் இருந்துகொண்டே இந்திய அறிவியல் கழகத்தில் எம்.டெக். முடித்தவர். சுற்றுப்பாதை இயக்கவியலை இப்போதே தொடங்கலாம். மெக்டிவிட் ஏன் பின்தங்கினார் என்பதைப் படம் வரைந்து, எண் போட்டு உங்களால் விளக்க முடிகிறதா என்று பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஓர் அளவு நாடா எடுங்கள். பறத்தல் கிளைக்குக் குறைந்தபட்ச உயரம் 162.5 செ.மீ. உங்கள் 164 அதைத் தாண்டுகிறது. ஆனால் உயரம் தேறியும் கால் நீளத்தில் திரும்பி வருகிறவர்கள் உண்டு. சுவரில் முதுகும் இடுப்பும் ஒட்டித் தரையில் அமர்ந்து, காலை நேரே நீட்டி, சுவரிலிருந்து குதிகால்வரை அளந்தால் 99 முதல் 120 செ.மீ.க்குள் வர வேண்டும். உட்கார்ந்த நிலையில் உச்சந்தலைவரை 81.5 முதல் 96. இடுப்பிலிருந்து முழங்கால்வரை தொடை நீளம் 64க்கு மேல் கூடாது. பெடல் எட்டுவதற்கும், அவசரத்தில் இருக்கையோடு வெளியேறும்போது முழங்கால் கருவிப்பலகையில் அடிபடாமலிருப்பதற்கும் வைத்த எண்கள் இவை, பயிற்சியால் மாற்ற முடியாது. 164 செ.மீ. உயரத்தில் கால் நீளம் எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில்தான் விழும். வேறொருவரை அளக்கச் சொல்லி மூன்று முறை குறித்துக்கொள்ளுங்கள். 99க்குக் கீழே வந்தால், தொழில்நுட்பக் கிளையை முதல் விருப்பமாக எழுதுங்கள்.